கலை மையத்தின் பருவச் சந்தா: சில ஆண்டுகள் வைத்திருந்து பார்த்ததில்

நாடகம், இசை, நடனம், ஓவியக் காட்சி எல்லாம் ஒரே கட்டடத்தில் நடக்கும் ஒரு சமூகக் கலை மையத்தில் சில ஆண்டுகளாகப் பருவச் சந்தா வைத்திருக்கிறேன். "கட்டுப்படியாகிறதா?" என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. மேடை நிகழ்ச்சிகளை மட்டும் எண்ணி, தனிச்சீட்டு விலையோடு ஒப்பிட்டால் பெரிய லாபம் கிடையாது. வேலை, காய்ச்சல், சோம்பல் என்று போகாமல் விட்டவற்றையும் சேர்த்தால் நஷ்டம்கூட வரலாம். ஆனால் அதே சந்தா அட்டையைக் காட்டிக் காட்சிக்கூடத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு சலுகை இருக்கிறதே, அதைச் சேர்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. சந்தாதாரர்களில் பலர் கண்டுகொள்ளாமல் விடுவதும் அதைத்தான்.

நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது என் வழக்கம். காட்சிக்கூடத்தில் ஒரே ஒரு சுவர். அதற்கு மேல் பார்ப்பதில்லை. மீதி அடுத்த வாரம். பணம் கொடுத்து ஒரு முறை மட்டும் உள்ளே போகிறவருக்கு இந்தச் சொகுசு கிடையாது. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் காலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், ஒரு படைப்பின் முன் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து 2001இல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. நடுமதிப்பு 17தான், அதாவது பாதிப் பார்வைகள் 17 விநாடிக்குள் முடிந்துவிட்டன. அங்கேயே அப்படி என்றால், அதிகம் பேர் அறியாத கலைஞர்களின் படைப்புகள் தொங்கும் சிறிய கூடத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பருவத்தில் கரிக்கோல் சித்திரங்களும் மரக்கட்டை அச்சுப் படங்களும் வைத்திருந்தார்கள். கருத்துப் புத்தகத்தில் பாதிப் பேர் எழுதியிருந்தது படங்களைப் பற்றி அல்ல, இருட்டைப் பற்றி. மின்செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். காரணம் அதுவல்ல. காகிதம், துணி, நீர்வண்ணம் போன்றவற்றின் மேல் விழும் ஒளி சுமார் 50 லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது அருங்காட்சியகங்களில் பொதுவாகப் பின்பற்றும் வழக்கம். எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 வரை போகலாம். அலுவலக மேசைக்குப் பரிந்துரைக்கப்படுவது 500 என்பதோடு ஒப்பிட்டால் 50 எவ்வளவு மங்கல் என்று தெரியும். ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பிச் சரியாகாது. அதனால்தான் இந்த வகைப் படைப்புகளைச் சில மாதங்கள் காட்டிவிட்டு மறுபடி இருட்டுப் பெட்டிக்கே அனுப்புகிறார்கள். வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. சில நிமிடங்கள் சும்மா நின்றால் போதும், பிறகு நிழலுக்குள் இருக்கும் கோடுகள்கூடத் தெரிய ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? வைக்கவில்லை. அதற்குமேல் ஒரு கொடுமை, குறிப்பு அட்டைகள். மங்கல் வெளிச்சத்தில், சாம்பல் நிறத் தாளில், கொஞ்சமே அடர்ந்த சாம்பல் நிறத்தில், பொடி எழுத்து. அதுவும் இடுப்பளவு உயரத்தில். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காகத் தாழ்த்தி வைத்ததாகச் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எழுத்து பெரிதாக இருந்தால் அவர்களுக்கும் உதவும், எங்களுக்கும் முதுகு பிழைக்கும். படங்களைத் தொங்கவிடுவதில் மட்டும் குறை சொல்ல முடியாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டரில் வரும்படி ஒரே சீராக வைக்கிறார்கள். சிறுவர் காட்சியின்போது அதையே நன்றாக இறக்கிவிட்டார்கள். பெரியவர்கள் எல்லாரும் குனிந்து பார்க்க, பிள்ளைகள் நிமிர்ந்து நடந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இனி அரங்கம். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஒரே அரங்கில் ஒரு வாரம் நாடகம், மறு வாரம் நால்வர் தந்தி இசை, அதற்கடுத்து ஒலிபெருக்கி வைத்த பாட்டு. இந்த மூன்றும் அரங்கிடம் கேட்பது மூன்று வேறு விஷயங்கள். கைதட்டி நிறுத்தினால் அந்த ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அடிப்படை. பேச்சு தெளிவாக விழ அது ஒரு விநாடி அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் நல்லது. பெரிய வாத்தியக் குழுவுக்கு இரண்டு விநாடியை ஒட்டி இருக்க வேண்டும். இதை முதலில் கணக்காக்கியவர் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன். 1895இல் ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது ஒன்றுமே புரியவில்லை, சரிசெய்து கொடுங்கள் என்று அவரிடம் ஒப்படைத்தார்கள். பேசிய சொல் அங்கே ஐந்து விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்ததாம். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, கடிகாரத்தோடு உட்கார்ந்து அளந்தார். அறையின் கொள்ளளவு கூடக் கூட ஒலி நீளும், உறிஞ்சும் பரப்பு கூடக் கூட ஒலி சுருங்கும் என்ற சூத்திரம் அங்கிருந்து வந்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அந்தக் கணக்கை வைத்துக் கட்டியதுதான். ஓவியங்களுக்காகக் கட்டிய ஒரு கட்டடத்தில் ஒலியின் கணக்கு பிறந்தது என்பது, இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு தடுமாறும் நம் மையங்களுக்குப் பொருத்தமான வரலாறு.

நாங்கள் போகும் மையத்தில் பக்கச் சுவர்களை ஒட்டிக் கனமான திரைகள் உண்டு. நாடகத்துக்கு இழுத்து விரிக்கிறார்கள், தந்தி இசைக்குச் சுருட்டிவிடுகிறார்கள். எளிய ஏற்பாடு, ஆனால் வேலை செய்கிறது. ஒருமுறை நால்வர் இசை அன்று திரையைச் சுருட்ட மறந்துவிட்டார்கள் போல. நல்ல வாசிப்புதான், இருந்தும் எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து வந்ததுபோல் கேட்டது. இடைவேளையில் யாரோ சொல்லியிருக்க வேண்டும், இரண்டாம் பாதியில் சுவர் தெரிந்தது. வித்தியாசம் உடனே கேட்டது. கூட்டம் வேறு ஒரு கணக்கு. ஆட்களின் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சும் என்பதால், பாதி காலியான அரங்கில் நாடக வசனம் கொஞ்சம் வழுக்கும். அன்று நடிகர் உளறுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

எந்த இருக்கை? முதல் வரிசையைக் கேட்டு வாங்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நடனத்தில் கால் தெரியாது, ஒலிபெருக்கி இருந்தால் காது போகும். மாடத்துக்கு அடியில் வரும் கடைசி வரிசைகளிலும் ஒலி செத்துப் போகிறது. மைக் வைத்த நிகழ்ச்சிக்கு ஒரு சுலபமான வழி, ஒலிக்கலவைப் பலகை எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்று முன்னால் உட்காருவது. அந்தப் பலகையை இயக்கும் ஒலிப் பொறியாளர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் சமன்செய்கிறார். அவர் கேட்பதை நீங்களும் கேட்பீர்கள்.

அந்த மைக் விஷயத்தில்தான் எனக்கு மையத்தோடு தீராத வழக்கு. தனிக்குரலும் ஒரு வாத்தியமும் மட்டும் இருக்கும் நிகழ்ச்சிக்கு, இவ்வளவு சிறிய அரங்கில், எதற்கு அத்தனை சத்தம்? பாடகர் மெல்ல இறங்கும் இடங்களையெல்லாம் ஒலிபெருக்கி தூக்கி நிறுத்திவிடுகிறது. கருத்துப் படிவத்தில் பருவம் தவறாமல் எழுதுகிறேன். "கவனத்தில் கொள்கிறோம்" என்று பருவம் தவறாமல் பதிலும் வருகிறது.

இருக்கைகளின் மெத்தை தேய்ந்துவிட்டது என்ற புகாரில் மட்டும் நான் சேர்வதில்லை. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலையை லினா போ பார்டி என்ற கட்டடக் கலைஞர் சமூகக் கலை மையமாக மாற்றினார். செஸ்க் பொம்பேயா என்று பெயர், 1982இல் திறந்தது. அதன் அரங்கில் மேடை நடுவில், பார்வையாளர்கள் இரு பக்கமும், இருக்கைகள் வெறும் மரம். மெத்தை போடாதது செலவுக்காக அல்ல. சாய்ந்து சொக்கிப்போகாமல் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டார். மூன்று மணி நேர நாடகம் என்றால் நானும் முனகுவேன், அது வேறு விஷயம்.

ஒரு பருவத்தின் நிகழ்ச்சி நிரலில் தொடக்கமும் முடிவும் எப்போதும் பளபளப்பாக இருக்கும். மையத்தின் தரத்தை நான் பார்ப்பது நடுவில். அங்கேதான் ஒற்றை நடிகர் நாடகம், இருவர் நடிக்கும் நாடகம், மூவர் இசை என்று வரிசையாக வரும். "ஆளே இல்லையா இவர்களிடம்?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். பொருளாதார அறிஞர்கள் பாமோலும் போவனும் 1966இலேயே இதற்கு விளக்கம் கொடுத்துவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்து ஓர் ஆள் பத்து ஆள் வேலை செய்யலாம். நால்வர் இசையை இரண்டு நூற்றாண்டுக்கு முன்னும் நால்வர்தான் வாசிக்க வேண்டும், இன்றும் நால்வர்தான், அதே நேரம்தான். ஆனால் சம்பளம் மற்ற தொழில்களோடு சேர்ந்து ஏறித்தான் ஆக வேண்டும். ஆக, சீட்டு விற்று மட்டும் செலவை ஈடுகட்டுவது வருடா வருடம் கடினமாகிறது. நன்கொடையோ அரசு உதவியோ வராத இடத்தில் முதலில் குறைவது மேடையில் நிற்கும் ஆட்கள். இது புரிந்த பிறகு ஒற்றை நடிகர் நாடகங்களை வேறு மனதோடு பார்க்கிறேன், சிலது பருவத்திலேயே சிறந்தவையாகவும் இருந்திருக்கின்றன.

ஆனால் மையத்தில் நடக்கும் வகுப்புகளின் ஆண்டிறுதி அரங்கேற்றங்களையும் சந்தா நிகழ்ச்சிகளாகவே கணக்குக் காட்டுவது நியாயமில்லை. மாணவர்கள் ஆடட்டும், பாடட்டும், நானும் போய்க் கைதட்டுவேன். சமூகக் கலை மையம் என்றாலே அதுதானே. நிரலில் "மாணவர் நிகழ்ச்சி" என்று ஒரு சொல் போட்டிருக்கலாம். போடாததால், தொழில்முறைக் குழு என்று எண்ணி வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். மேடையில் நின்ற பிள்ளைகளுக்குத்தான் அது அவமானம்.

நிகழ்ச்சிக்குப் பிந்தைய கலந்துரையாடல்கள் பெரும்பாலும் தவிர்க்கலாம். விளக்கமைப்பாளரோ உடை தைத்தவரோ வருகிறார் என்றால் மட்டும் இருங்கள். இயக்குநர்கள் கருத்தைப் பேசுவார்கள், இவர்கள் வேலையைப் பேசுவார்கள்.

காது மந்தமானவர்களோடு போகிறவர்கள் கவனிக்க: அரங்கைச் சுற்றிக் கம்பி ஓட்டி, ஒலியைக் காந்தப்புலமாகச் செவிக்கருவிக்கே நேராக அனுப்பும் வசதி பல மையங்களில் உண்டு. கருவியில் அதற்கான டி என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். அம்மாவை அழைத்துப்போனபோது மாடத்தில் இடம் கொடுத்தார்கள், அங்கே அந்தக் கம்பியே இல்லை. சீட்டு வாங்கும்போதே எந்த வரிசை வரை வேலை செய்யும் என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், சந்தாவில் இரண்டு வகை. ஒரே நாள், ஒரே இருக்கை என்று கட்டிப்போடும் வகை மலிவு. விரும்பிய நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கும் வகை கொஞ்சம் கூடுதல். பொதுவாக இரண்டாவதைத்தான் எல்லாரும் பரிந்துரைப்பார்கள். நான் முதலாவதையே தொடர்கிறேன். தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்குத் தெரிந்த பெயர்களை மட்டுமே குறித்திருப்பேன், பொம்மலாட்டம் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டேன். வேலை நேரம் நிலையில்லாதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இரண்டாவதை எடுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று பெரிய நிகழ்ச்சிகள் போதும் என்பவர்களுக்குத் தனிச்சீட்டே சரி. காட்சிக்கூடத்துக்கு மட்டும் தனி அட்டை கொடுக்கும் மையங்களும் உண்டு. மேடையில் ஆர்வமில்லாவிட்டால் அதை முதலில் விசாரியுங்கள், சந்தா விண்ணப்பத்தில் அது கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.