எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ஏற: மெட்ரோவா, மின்சார ரயிலா, ஆட்டோவா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எங்கே ஏறினாலும் சென்னை வண்டி நம்மைப் பெரும்பாலும் எழும்பூரில்தான் கொண்டுபோய் விடும். டெல்லி, கொல்கத்தா வண்டிகளில் முக்கியமானவை சென்ட்ரலில் புறப்படும். இடையில் இருப்பது சுமார் 2 கிலோமீட்டர். தோள்பையோடு போகிறவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. இரண்டு டிராலி, ஓர் அரிசி மூட்டை, முழங்கால் வலியோடு ஒரு பாட்டி என்று கிளம்பும் குடும்பத்துக்கு முழுப் பயணத்திலும் கஷ்டமான கட்டம் அதுதான்.

இந்த அவஸ்தைக்குப் பழைய காரணம் தண்டவாளத்தின் அகலம். 1873-இல் வந்த சென்ட்ரல், மெட்ராஸ் ரயில்வேயின் அகலப் பாதைக்கு. 1908-இல் திறந்த எழும்பூர், தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலமுள்ள குறுகிய பாதை) வண்டிகளுக்கு. நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வண்டிகள் எல்லாம் அப்போது மீட்டர் கேஜ். மயிலாடுதுறை - விழுப்புரம் பாதை 2010-இல் அகலமாகிவிட்டது. இறங்கும் இடம் மட்டும் மாறவில்லை.

முதலில் மெட்ரோ. எழும்பூருக்கு அடுத்த நிலையமே சென்ட்ரல். இந்தச் சுரங்கப் பகுதி 2018 மே மாதம் ஓடத் தொடங்கியது. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், லிஃப்ட் இருக்கிறது, மழையும் வெயிலும் தொடாது. சென்ட்ரல் மெட்ரோவிலிருந்து சுரங்க நடைபாதை வழியாகவே ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம், சாலையைக் கடக்க வேண்டியதில்லை. இறங்குகிற இடத்தில் இருந்து ஏறுகிற இடம் வரை நடக்கும் தூரம்தான் நாம் நினைப்பதைவிட அதிகம். சக்கரம் வைத்த பெட்டிக்கு அது பொருட்டில்லை. தலையில் மூட்டை என்றால் நீண்டுகொண்டே போகும். அப்புறம் பாதுகாப்புச் சோதனை. எல்லாப் பையையும் ஸ்கேனரில் தூக்கிப் போட்டு எடுக்க வேண்டும். மகள் வீட்டுக்கென்று அரிவாள்மனையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோகிறவர்களை இங்கே நிறுத்துவார்கள், கூர்மையான பொருளுக்கு அனுமதி இல்லை. இன்னொன்று: மெட்ரோ அதிகாலை 5 மணிக்குத்தான் தொடங்கும், இரவு 11 மணியோடு முடிந்துவிடும்.

மின்சார ரயில் இதைவிட மலிவு. எழும்பூருக்கு அடுத்தது பார்க் ஸ்டேஷன், டிக்கெட் 5 ரூபாய். பார்க்கில் இறங்கி பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டினால் சென்ட்ரல். காகிதத்தில் இதுதான் சிறந்த வழி. ஆனால் நம் வண்டி நிற்கும் நடைமேடையிலிருந்து வடக்கு ஓரத்தில் இருக்கும் மின்சார ரயில் நடைமேடைக்குப் போக வேண்டும், டிக்கெட் வாங்க வரிசையில் நிற்க வேண்டும், பார்க்கில் இறங்கியதும் மறுபடி படி. வண்டி நிற்பதோ அரை நிமிடம் போலத்தான். காலை எட்டு மணிக்கு மேல் தாம்பரம் பக்கமிருந்து அலுவலகக் கூட்டம் நிரம்பி வரும். அதில் நாலு பையோடு ஏறுவது மற்றவர்களுக்கும் தொல்லை. ஒரே ஒரு பை வைத்திருக்கும் மாணவருக்குச் சரி. குடும்பத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

ஆட்டோவில் சிக்கல் கட்டணம் மட்டும்தான். 2013-இல் அரசு நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். விடியற்காலை எழும்பூர் வாசலில் அந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள், ஓட்டுநர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். செயலியில் பிடித்தால் பேரம் மிச்சம். இருந்தாலும் பாட்டி, மூட்டை, தூங்கும் குழந்தை மூன்றும் சேர்ந்து வந்தால் கேட்கிற காசைக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். படியேற வேண்டாம், பையை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம். காலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடத்தில் போய்ச் சேரலாம். ஒன்பது மணிக்கு அந்த நெடுஞ்சாலையில் நெரிசல், அப்போது மெட்ரோதான் முந்தும். நான்கு பேருக்கு மேல் என்றால் கால் டாக்ஸி.

நடக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நடக்கலாம், அரை மணி நேரம். சாமான் இல்லாவிட்டால்.

இந்தக் கணக்கெல்லாம் எழும்பூரில் இறங்கினால்தான். நிலைய மறுசீரமைப்பு வேலையால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். அங்கே எது சிறந்த வழி என்ற கணக்கு தலைகீழாகிவிடும். டாக்ஸி கை கடிக்கும். மெட்ரோவுக்குப் பரங்கிமலையில் மாற வேண்டும், சாமானோடு ஒரு மாற்றம் கூடுதல். மின்சார ரயிலோ 10 ரூபாய்க்கு முக்கால் மணியில் அல்லது சற்றுக் கூடுதலாக நேரே பார்க்கில் விடும். தாம்பரத்திலிருந்தே கிளம்பும் வண்டியாகப் பார்த்து ஏறினால் இருக்கைக்குக் கீழே மூட்டையைத் தள்ள இடமும் கிடைக்கும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இன்னும் மோசம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு ஊர் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. சென்ட்ரல் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். சென்ட்ரலில் வண்டி பிடிக்க வேண்டும் என்றால் ஊரிலிருந்து ரயிலிலேயே வாருங்கள்.

எந்த வழியானாலும் இடைவெளி முக்கியம். கொல்கத்தா போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் காலை 7 மணிக்குச் சென்ட்ரலில் கிளம்பிவிடும். ராத்திரி வண்டியில் விடியலில் வந்து அதைப் பிடிப்பது, முதல் வண்டி தாமதமானால் சூதாட்டம்தான். டெல்லிக்கு இரவு 10 மணி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்றால் பகலில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸில் வந்து மாலையில் இறங்கினாலே போதும். நடுவில் உள்ள நேரத்துக்குச் சாமானை நிலையத்தின் பாதுகாப்பு அறையில் (க்ளோக் ரூம்) வைக்கலாம். ஆனால் பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் எடுத்துக்கொள்வார்கள், அரிசிச் சாக்குக்கு அங்கே இடமில்லை.

மாறாமலே போக வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பெங்களூருக்கு மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. எர்ணாகுளத்துக்குக் காரைக்கால் வண்டி திருவாரூர், தஞ்சாவூர் வழியாகவே போகிறது. ஹைதராபாத் போகிறவர்களுக்கு சார்மினார் எக்ஸ்பிரஸ் இப்போது தாம்பரத்தில் புறப்பட்டு எழும்பூர் வழியாகத்தான் போகிறது. இறங்கிய நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து ஏறலாம்.