டர்பனில் மேலாளர் வேலை: கடற்கரை நடையா, ஜிம்மா, வீடா?

சென்னை அலுவலகம் ஒன்பதரைக்குத் திறக்கும்போது டர்பனில் காலை மணி ஆறு. லண்டனில் குளிர்காலமாக இருக்கும்போது அங்குள்ளவர்கள் மாலை ஐந்துக்குக் கூட்டம் வைத்தால் இங்கே ஏழு. பெரிய பொறுப்பில் இருப்பவர் உடற்பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் இந்த இரண்டு நேரங்களைத்தான் பார்க்க வேண்டும். கட்டணம், கருவியெல்லாம் அப்புறம்.

ஜிம்மில் வசதிக்குக் குறைவில்லை. மழையானாலும் போகலாம், எடை தூக்கச் சொல்லித்தர ஆள் உண்டு. ஆனால் டர்பனுக்கு வடக்கே உள்ள உம்லாங்காவில் ஆபீஸ் முடிந்து போய்க்கொள்ளலாம் என்று பணம் கட்டிய எனக்கு, மாதத்தில் பாதி நாள் பை காரைவிட்டு இறங்கவில்லை. கிளம்பும் நேரத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள். அவர்களை அனுப்பிவிட்டுப் போக மனசு வராது.

கடற்கரைக்கு அந்தத் தொல்லை இல்லை. டிசம்பரில் நாலே முக்காலுக்கே விடிந்துவிடும். ஐந்து மணிக்கு நார்த் பீச்சில் சர்ஃபிங் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பையன்கள் ஓடுவார்கள். குழாயடியில் இரண்டு பேர் கால் மண்ணைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். உம்கேனி முகத்துவாரத்திலிருந்து துறைமுக வாய் வரை சுமார் 8 கி.மீ. சமதளப் பாதை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் சரியான வேகம். தினம் அரைமணி, ஐந்து நாள் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குச் சொல்லும் குறைந்தபட்சம் அதுதான். ஆறு மணிக் கூட்டத்துக்கும் வந்துவிடலாம். சனிக்கிழமை எட்டு மணிக்கு பார்க்ரன் என்று வாராவாரம் எல்லோரும் சேர்ந்து ஓடும், நடக்கும் நிகழ்ச்சி உண்டு, 5 கி.மீ., இலவசம், டீமில் உள்ள இளைஞர்களோடு போனால் ஆபீஸில் வாய் திறக்காதவர்கூட அங்கே பேசுவார்.

ஜூனில்தான் சிக்கல். சூரியன் வர ஆறு ஐம்பது ஆகும், இருட்டில் தனியாக நடப்பது நல்லதல்ல. இன்னொன்று, நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது அதே நிறுவனம். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிப்பதில் பெரும்பங்கு தசைக்குத்தான். இங்குள்ள நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்கள் இதை ஒதுக்கக் கூடாது.

அதற்கு வீடே போதும்: ஒரு ரப்பர் பட்டை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்டால், இருபது நிமிடம். ஜோஹன்னஸ்பர்க் ஹோட்டல் அறையிலும் செய்யலாம்.

என் தேர்வு, கோடையில் கடற்கரை, வருஷம் முழுக்க வாரம் இரண்டு நாள் வீட்டில் பட்டை. ஜூன், ஜூலையில் மட்டும் சென்னைக் கூட்டத்தை எட்டு மணிக்குத் தள்ளிவிட்டு ஏழு மணிக்கு நடக்கிறேன். கேட்டேன், உடனே ஒத்துக்கொண்டார்கள்.