மலைக்கு இழுத்துப் போகும் படுக்கை: வீட்டில் கட்டிய டியர்டிராப் ட்ரெய்லர், சில மழைக்காலம் கழித்து

டியர்டிராப் ட்ரெய்லர் என்பது காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு ஒரு பெட்டி. கண்ணீர்த்துளி மாதிரி முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும். பின்கதவைத் தூக்கினால் சமையல்கட்டு. அமெரிக்காவில் 1930களிலேயே ஆட்கள் பிளைவுட்டை அறுத்து வீட்டுக் கொல்லையில் கட்டிக்கொண்ட வண்டி இது. அதே வண்டியைப் பழனி மலையில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வைத்துப் பயன்படுத்திய அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தாண்டிக்குடிக்கு மேலே கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு, வீடு கிடையாது. குடியிருப்பு வத்தலக்குண்டில். கார்த்திகை தொடங்கித் தை வரை பழம் பறிக்கிற நாட்களில் ராத்திரி அங்கேயே தங்கினால்தான் காலையில் ஆள் வரும்போது நாமும் நிற்க முடியும். தார்ப்பாய்க் கொட்டகை ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. வீடு கட்டுகிற பணத்தைத் தோட்டத்தில் போடலாம், படுக்க ஒரு வண்டி போதும் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். பறிப்பு இல்லாத மாதங்களில் அதே வண்டி எங்களோடு பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று சுற்றுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிரை இந்த வண்டி சுலபமாகத் தாங்குகிறது. ஈரத்தைத் தாங்க வைக்கத்தான் பாடுபட வேண்டும். கையில் இருக்கிற காசும் நேரமும் மூட்டுகளுக்கும் காற்றோட்டத்துக்கும் போகட்டும், உள்ளே பளபளப்பு வேலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சேசிஸ், அதாவது சக்கரத்தோடு வரும் அடிச்சட்டம், பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் மோட்டார் வாகனம்தான். எஞ்சின் இல்லையே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். பதிவு வேண்டும், நம்பர் பிளேட் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். லேத்துப் பட்டறையில் ஆங்கிளை வெல்டிங் வைத்து ரோட்டுக்குக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் பின்னால் அல்லாட வேண்டி வரும். ஒப்புதல் வாங்கிய ட்ரெய்லர் தயாரிப்பாளரிடம் ஒற்றை ஆக்ஸில் சேசிஸை ஆர்சியோடு வாங்கி, அதற்கு மேல் கூடு கட்டுவதுதான் நிம்மதி. பிளைவுட் வாங்கும் முன்பே ஆர்டிஓ ஆபீசில் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கூட்டின் அளவை எட்டுக்கு நாலு பிளைவுட் தாளே தீர்மானித்துவிடும். நீளம் எட்டடி, உயரம் நாலடி, உள்ளகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட. பக்கச் சுவர் 18 மில்லிமீட்டர், தரை 12 மில்லிமீட்டர், இரண்டும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளை. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண பிளையை மலை மூடுபனி இரண்டே பருவத்தில் உப்ப வைத்துவிடும். கூரை வளைவுக்கு மெல்லிய பிளை இரண்டு அடுக்கு, நடுவில் 25 மில்லிமீட்டர் ஃபோம் பலகை, வெளியே ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. எங்கள் ஆசாரி அண்ணன் பிளையின் வெட்டு விளிம்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை எபாக்ஸிப் பிசின் பூசாமல் அடுத்த வேலைக்குப் போகவே மாட்டார். அப்போது எனக்குப் பொறுமை போனது. இன்றைக்குக் கதவு நிலையைத் தட்டினால் கணீர் என்று சத்தம் வருகிறது, அதற்கு அவர்தான் காரணம்.

இனி கசிவு. இந்த வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வத்தலக்குண்டில் மதியம் 38 டிகிரி அடிக்கும். சித்தரேவு தாண்டி மலை ஏறி, பெரும்பாறை, மங்களங்கொம்பு வழியாகத் தாண்டிக்குடி போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகியிருக்கும், மழை வேறு பெய்தால் 15க்கு இறங்கிவிடும். சூட்டில் அலுமினியம் விரியும், மரம் அந்த அளவுக்கு விரியாது. எட்டடித் தகடு 30 டிகிரி வித்தியாசத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். வெயிலில் நின்ற தகடு காற்றைவிட இன்னும் சூடாக இருக்கும் என்பதால் நிஜத்தில் அசைவு அதைவிடவும் அதிகம். ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு இது எப்போதாவது நடக்கும். மலைக்கும் சமவெளிக்கும் போய்வரும் வண்டிக்கு ஒவ்வொரு பயணத்திலும் நடக்கும். கூரையும் பக்கச் சுவரும் சேருகிற விளிம்பில் முதலில் கடைச் சிலிகான்தான் போட்டிருந்தது. முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்து பார்த்தபோது, நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினேன், முழு நீளத்துக்கும் நாடாவாக உரிந்து கையோடு வந்துவிட்டது. ஒரு பக்கம் தகட்டின் பளபளப்பு அப்படியே பதிந்திருந்தது, அதாவது அது ஒட்டவே இல்லை. அடியில் எபாக்ஸி பூசிய விளிம்பு மட்டும் திடமாக நின்றது.

சிலிகானில் இன்னொரு தொல்லை, அது இருந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, மறுபடி சுரண்ட வேண்டும். அதற்குப் பிறகு அடியில் பியூட்டைல் டேப் என்கிற பிசுபிசுப்பான ரப்பர் நாடா, மேலே அலுமினியப் பட்டை, பட்டைக்கு 304 ஸ்டெயின்லெஸ் திருகு, திருகுத் தலைக்குப் பாலியூரித்தேன் சீலண்ட் என்று மாற்றினோம். பியூட்டைல் கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும், தகடு நகர்ந்தால் கூடவே நகரும். அன்றிலிருந்து அந்த விளிம்பில் ஒரு சொட்டு இல்லை. சாதாரண இரும்புத் திருகு வேண்டவே வேண்டாம். துருவின் கறை தகட்டில் கோடுகோடாக இறங்கும், துருப்பிடித்த துளை வழியே தண்ணீர் மரத்துக்குள் போகும்.

பின்கதவின் கீல்தான் இன்னொரு பலவீனமான இடம். கதவின் அகலம் முழுக்க ஒரே துண்டாக ஓடுகிற பியானோ கீல் போட்டால் கீலின் நீளம் முழுக்கத் தண்ணீர் இறங்கும். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும் அலுமினியக் கீல் வெளிநாட்டில் கிடைக்கிறது. நாங்கள் பியானோ கீலையே வைத்துக்கொண்டு, அதன் மேல் அகலமான ரப்பர் ஷீட் ஒன்றை மடிப்பாகப் போர்த்தினோம், அடியில் இரண்டு ஓரமும் இறங்குகிற மாதிரி ஒரு தகர வாய்க்கால். உள்ளே வந்த தண்ணீரும் சமையல்கட்டுக்குள் விழாமல் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் விடிகாலைக் குளிரில் தளரும், உள்ளே இருக்கிற வாயுவின் அழுத்தம் குறைவதால் அது இயல்பு. அடுப்பு எரியும்போது கதவு தலையில் இறங்கக்கூடாது என்பதால் ஒரு மூங்கில் முட்டு எப்போதும் இருக்கிறது.

கூரையை அடைத்த பிறகும் மெத்தை ஈரமாக இருந்தது. “தண்ணி மேல இருந்து மட்டும் வராது தம்பி, உள்ள இருந்தும் வரும்” என்றார் ஆசாரி அண்ணன். உண்மைதான். இரண்டு பேர் ஒரு ராத்திரி தூங்கினால் மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டர் தண்ணீராவது ஆவியாக வெளியே போகும். நாலடி உயரப் பெட்டிக்குள் அது எங்கே போகும்? குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும். கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடலாம். மெத்தைக்கும் தரைப் பலகைக்கும் நடுவில் படிவதுதான் கேடு, நமக்குத் தெரியவே தெரியாது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது இடுப்பும் தோளும் படுகிற இடங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் கூட்டமாக இருந்தன.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, மெத்தையைத் தரையில் போடாதீர்கள். ஒரு அங்குலச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து, அதன்மேல் ரப்பரைஸ்டு காயர் விரிப்பு, அதற்கும் மேல் மெத்தை. தென்னை நார் காற்றைப் போகவர விடும். இரண்டு, எவ்வளவு குளிரானாலும் கூரை மூடியை இரண்டு விரல் அளவு திறந்தே வைக்க வேண்டும், தரை மட்டத்தில் வலை அடித்த ஒரு துளையும் வேண்டும். கீழே குளிர்ந்த காற்று நுழையும், மேலே ஈரக்காற்று வெளியேறும். கூரை மூடியில் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று மாட்டியிருக்கிறோம், ராத்திரி முழுக்க ஓடினாலும் பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காற்று விட்டால் குளிருமே என்று பலர் கேட்கிறார்கள். மார்கழியில் மன்னவனூரில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்த விடியலில்கூட, ஃபோம் பலகை உள்ள இந்தப் பெட்டிக்குள் ஒரு கம்பளி போதுமாக இருந்தது.

குளிருக்காகக் கரி அடுப்போ கேஸ் அடுப்போ உள்ளே கொண்டுபோகவே கூடாது. மூடிய இடத்தில் கரியைப் பற்றவைத்துத் தூங்கி, புகையில் உயிர்விட்டவர்கள் கொடைக்கானலிலேயே உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, எழுப்பவும் எழுப்பாது.

அடுத்து மலைப்பாதை. எங்கள் வண்டி சாமான் ஏற்றினால் 480 கிலோவை ஒட்டி வரும், இழுப்பது பொலேரோ. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் சமவெளியில் வேகம் எடுக்கும்போது பின்னால் வாலாட்டும். டியர்டிராப்பில் சமையல்கட்டு பின்னால் இருப்பதால் சிலிண்டர், குக்கர், அரிசி எல்லாம் பின்னாலேயே சேர்ந்து முன்கொக்கி லேசாகிவிடும். அதைச் சரிக்கட்ட 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஆக்ஸிலுக்கு முன்னால் அடியில் தொங்கவிட்டோம். வீட்டில் எடை பார்க்கிற மெஷினைக் கொக்கிக்கு அடியில் வைத்து, நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்தால் எடை தெரிந்துவிடும். சாமான் மாறும்போதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

கொண்டை ஊசியில் ட்ரெய்லர் காரின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடதுபக்க வளைவில் உள்பக்கம் வாய்க்கால் இருக்கும், சக்கரம் அதில் இறங்கினால் கதை முடிந்தது. அகலமாகப் போய், மெதுவாகத் திருப்ப வேண்டும். ட்ரெய்லரின் சக்கர அகலம் இழுக்கும் வண்டியைவிட அதிகமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டு – கொடைக்கானல் பெரிய ரோட்டில், காமக்காபட்டி செக்போஸ்ட்டில் இருந்து பெருமாள்மலை வரை, ஒரு சிரமமும் இல்லை. தாண்டிக்குடி ரோட்டில் எதிரே பஸ் வந்தால் கவனம் வேண்டும். பெரியகுளத்தில் இருந்து அடுக்கம் வழியாக ஏறுகிற ரோட்டுக்கு ட்ரெய்லரோடு போகாதீர்கள், செங்குத்து, குறுகல்.

குட்டை ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது நீளமானதைவிடக் கஷ்டம், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கூடுதலாக ஒடித்தாலே மடங்கிக்கொள்ளும். எங்கள் தோட்டத்து வாசலில் நான் ரிவர்ஸே எடுப்பதில்லை. கொக்கியைக் கழற்றி, முன்பக்கத்தைத் தாங்குகிற சின்ன ஜாக்கிச் சக்கரத்தை இறக்கி, மனைவியும் நானும் தோட்டத்தில் இருக்கும் ஒருவருமாகத் தள்ளி நிறுத்திவிடுவோம். சிறியதாகவும் லேசாகவும் கட்டுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

இறக்கத்தில் மலை டிரைவர்கள் சொல்வதுதான் வேதம்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. பெரும்பாறையில் நிறுத்தி ட்ரெய்லர் சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் இல்லை என்று அர்த்தம். பொலேரோவின் 15 அங்குல டயரே ட்ரெய்லருக்கும், போல்ட் துளையும் அதே அளவு. ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவுகிறது.

சமையலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமெடுக்கும், சின்ன குக்கர் கட்டாயம். சுற்றுலா அடுப்புகளின் குட்டி பியூட்டேன் டப்பா உறைபனிக் காலையில் சோர்ந்துவிடும், பியூட்டேன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஆவியாவதே கஷ்டம். 5 கிலோ சிலிண்டரை வெளியே தரையில் வைத்துச் சமைக்கிறோம். 100 வாட் சோலார் மூடுபனி நாட்களில் பேருக்குத்தான் இருக்கும், ஓடும்போது காரில் இருந்து சார்ஜ் ஏறுகிற மாதிரி வயரிங் செய்துகொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. காப்புக்காட்டிலும், 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் சரணாலயத்திலும் ராத்திரி தங்க நமக்கு உரிமை இல்லை. பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் கேட்டு, வீடுகளுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். கீழ்ப்பழனி மலையில் யானை நடமாட்டம் உண்டு. வாழைத்தாரும் பலாப்பழமும் வண்டிக்குள் இருந்தால் வாசனை வெளியே போகும், அவற்றை ராத்திரி வண்டியில் வைக்கவே வேண்டாம். கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு சாதாரணமாக ரோட்டிலேயே நிற்கும். விடிகாலை கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியே நாலு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போதாது, குரங்கு திறந்துவிடும். எங்கள் கதவில் தொங்குவது திண்டுக்கல் பூட்டு. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸை இழுக்கும் வண்டிக்கு எடுத்துவிட்டே கொடைக்கானல் கிளம்ப வேண்டும்.

செலவு எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்தை ஒட்டி வந்தது, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சேசிஸுக்கே போனது. வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசி மழைக்கு முன், விளிம்புப் பட்டைகளைச் சரிபார்த்து, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, எபாக்ஸி தேய்ந்த இடத்துக்குப் பூச்சு கொடுப்பதோடு பராமரிப்பு முடிகிறது.

எங்கள் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லை. அரை டன்னை மலை இறக்கும்போது அந்தக் குறை எனக்குத் தெரிகிறது, அடுத்து மாற்றப்போவது அதைத்தான். கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளுகிற விசையிலேயே பிடிக்கிற ஓவர்ரன் பிரேக் போடுவதாக இருக்கிறோம். அதிலும் மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், ரிவர்ஸுக்குத் தடுப்புப் பின் உள்ள கொக்கியாகப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். புதிதாகச் சேசிஸ் வாங்குகிறவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள், பின்னால் மாட்டுவது இரட்டை வேலை.