வாட்ஸ்அப்பில் வரும் ரயில் டிக்கெட் படத்தை நம்பி ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு திருநெல்வேலியிலிருந்து தாம்பரம் திரும்ப வேண்டும். நான், மனைவி, ஏழாவது படிக்கும் மகள், முட்டிவலியோடு அம்மா. போகிற டிக்கெட்டை 60 நாள் முன்னாடியே எடுத்துவிட்டேன். திரும்புகிற டிக்கெட்டை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டது என் சோம்பேறித்தனம்தான், அதை மறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை தட்கலுக்கு (பயணத்துக்கு முந்தின நாள் திறக்கும் அவசரப் பதிவு) உட்கார்ந்திருக்க வேண்டியவன், மாமா வீட்டு விருந்து என்று டிராவல்ஸ் போர்டு போட்ட ஒரு கடைக்குப் போனேன். ஜெராக்ஸ், ரீசார்ஜ், பான் கார்டு, எல்லாம் செய்கிற கடை. “நீங்க ஏன் அண்ணாச்சி அலையுதீங்க? நான் பாத்துக்கிடுதேன்” என்றார். நான்கு பேருக்கு ஸ்லீப்பர், 3,200 ரூபாய். டிக்கெட்டின் உண்மையான விலை அதில் பாதிதான் என்பது எனக்கும் தெரியும். பண்டிகை நேரம், போகட்டும் என்று ஜிபே பண்ணினேன்.

மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நெல்லை எக்ஸ்பிரஸ், எங்கள் நான்கு பேர் பெயர், எஸ்7, பெர்த் 17, 18, 20, 21. இரண்டு லோயர், இரண்டு மிடில். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிறு இரவு பெட்டியில் ஏறினால் 17-லும் 20-லும் ஒரு குடும்பம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் போனில் எஸ்எம்எஸ் இருந்தது, என் போனில் வெறும் படம். டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) வந்து டிக்கெட்டின் பதிவு எண்ணான பிஎன்ஆரைத் தன் கருவியில் போட்டுப் பார்த்தார். எண் நிஜம், பெயர்களும் நிஜம். நிலை மட்டும் வெயிட்டிங் லிஸ்ட். “சார்ட் போட்டதும் இது தானா கேன்சல் ஆயிடுச்சு சார். இது டிக்கெட்டே இல்ல” என்றார். பெர்த் எண்களை யாரோ படத்தின் மேல் தட்டிவிட்டிருக்கிறார்கள். பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த எழுத்து மட்டும் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது.

டிடிஇ நல்ல மனிதர், ஆனால் சட்டம் சட்டம்தான். டிக்கெட் இல்லாமல் ஏறினால் கட்டணத்தோடு இன்னொரு மடங்கு கட்டணம், அது 250-க்குக் குறைவாக இருந்தால் 250 என்று ஆளுக்கு ஆள் கட்ட வேண்டும். நான்கு பேருக்கும் ரசீது போட்டார், மூவாயிரத்தைத் தாண்டியது. பெர்த் கிடையாது. மதுரை வரை அம்மா சூட்கேஸ் மேல் உட்கார்ந்து வந்தார். அதற்கப்புறம் இட்லி குடும்பத்துப் பெரியவர் எழுந்து தன் லோயர் பெர்த்தை அம்மாவுக்குக் கொடுத்தார். நாங்கள் மூவரும் விழுப்புரம் தாண்டியும் கதவோரம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு விசாரித்ததைச் சொல்கிறேன். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். உரிமம் உள்ள ஏஜென்ட்கூடத் தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் பதிவு செய்ய முடியாது. ஏசிக்கு 10 முதல் 10.30, ஸ்லீப்பருக்கு 11 முதல் 11.30. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் 11.30-க்கு மேல் என்ன மிச்சம் இருக்கும்? ஆக “கன்ஃபார்ம் வாங்கித் தரேன்” என்று கடைக்காரர் சொன்னால், யாருடைய சொந்தக் கணக்கிலோ போடுகிறார் என்று அர்த்தம். அப்படிப் போட்ட டிக்கெட்டை விற்பது ரயில்வே சட்டம் 143-வது பிரிவின்படி குற்றம், மூன்று வருடம் வரை சிறை உண்டு. இந்த எச்சரிக்கை டிக்கெட்டிலேயே அச்சாகி வரும். எனக்கு வந்த படத்தில் அந்தப் பகுதியை அழகாக வெட்டியிருந்தார்கள்.

இன்னொன்றுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. கன்ஃபார்ம் ஆகாத இ-டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பும், ஆனால் பதிவு செய்தவர் கணக்குக்கு. அதாவது என் டிக்கெட் பணம் அவருக்கே போயிருக்கிறது, மேலே வாங்கிய லாபமும் அவருக்கே. டிக்கெட்டில் கொடுத்த மொபைல் எண்ணும் அவருடையது, அதனால் கேன்சல் ஆன செய்தி எனக்கு வரவே இல்லை. போன் செய்தால் “ரீஃபண்ட் இன்னும் ஏறல அண்ணாச்சி” என்று இரண்டு வாரம் ஓட்டினார். போலீஸ் என்றதும் 1,500 அனுப்பினார். இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ரயில்வே உதவி எண் 139-இல் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் அனுப்பிய விவரத்தோடு சைபர் குற்றப் புகார் எண் 1930-லும் சொல்லியிருக்கிறேன்.

யாராவது எடுத்துத் தந்த டிக்கெட் உங்களிடம் இருந்தால், படத்தைப் பார்க்காதீர்கள். அதிலுள்ள பத்து இலக்க பிஎன்ஆரை 139-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி நீங்களே பாருங்கள், சார்ட் போட்ட பிறகு இன்னொரு முறையும் பாருங்கள். மொபைல் எண் உங்களுடையதாக இருக்கட்டும். உரிமம் உள்ள ஏஜென்ட் கொடுக்கும் டிக்கெட்டில் அவர் பெயரும் முகவரியும் இருக்கும், இல்லையென்றால் வாங்காதீர்கள். ஒரு நிமிட வேலை. சனிக்கிழமை மதியமே நான் அதைச் செய்திருந்தால், அன்று இரவே ஏதாவது பஸ்ஸில் இடம் பார்த்திருப்பேன்.

போன வாரம் மாமாவிடம் பேசினேன். கடை திறந்துதான் இருக்கிறதாம், வாசலில் “தட்கல் டிக்கெட் உடனடி” என்று புது ஃபிளெக்ஸ் வேறு. நம் ஊர்ப் பக்கம் யாருக்காவது சித்திரை லீவுக்கு டிக்கெட் வேண்டியிருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.