துபாய் மணல்மேட்டில் பிள்ளைகளோடு: குவாட் பைக்கா, பக்கியா?

வயது: பெரிய குவாடை (நான்கு சக்கர பைக்) ஓட்ட 16 வயது நிறைந்திருக்க வேண்டும், வண்டியில் ஒட்டிய எச்சரிக்கை ஸ்டிக்கரிலேயே பார்க்கலாம். பக்கியை (கூண்டு போட்ட மணல் வண்டி) ஓட்டுவது பெரியவர். பிள்ளைக்கு உயரம்தான் கணக்கு. முதுகு சீட்டில் ஒட்டியபடியே பாதம் வண்டியின் தளத்தில் பதிய வேண்டும்.

பாதுகாப்பு: ஒற்றை சீட் குவாடில் பிள்ளையைப் பின்னால் ஏற்றவே கூடாது. மேடேறும்போது எடை பின்னுக்குப் போய் முன்சக்கரம் தூக்கும், வண்டி மல்லாந்துவிடும். பக்கியில் சீட் பெல்ட், இரும்புக் கூண்டு உண்டு. கவிழும்போது கையை வெளியே நீட்டினால் நசுங்கும். பக்கவாட்டு வலை இருக்கிறதா பாருங்கள்.

ஹெல்மெட்: இரண்டுக்கும் வேண்டும். வாரை மாட்டித் தலையை ஆட்டச் சொல்லுங்கள். தனியாகச் சுழன்றால் சைஸ் பெரிது.

16 தாண்டிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குவாட். சின்னவர்களுக்குப் பாதம் எட்டினால் பக்கி. எட்டாவிட்டால் ஒருவர் பிள்ளையோடு கேம்பிலேயே இருந்துவிடுங்கள்.