அரிசிப் பைக்குப் போகாதே, சனிக்கிழமை மேஜைக்குப் போ

எங்கள் காம்பவுண்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் போன வாரம் கேட்டாள். பண்ருட்டிப் பக்கத்துக்காரி, கைக்குழந்தையோடு இருக்கிறாள். "அக்கா, நீங்க போற டிரஸ்டுக்கு நானும் வரட்டுமா? போனா ஏதாவது கிடைக்குமா?" வாசலில் நின்றபடியே "வேணாம்மா, அலைச்சல்தான்" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அது உறுத்தியது. அந்த இடம் இல்லாவிட்டால் என் வீடு பல மாதம் தடுமாறியிருக்கும். ஆனால் அலைச்சல் என்று சொன்னதும் பொய் இல்லை.

டிரஸ்டின் பெயர் போடவில்லை, கோபத்தில் எழுதும்போது பெயர் போடுவது சரியில்லை. கடலூரில் டிரஸ்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு என் அம்மா வீடு இருக்கும் தேவனாம்பட்டினத்துக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், உதவினார்கள், பிறகு கிளம்பிவிட்டார்கள். இவர்கள் உள்ளூர்க்காரர்கள், இன்னும் இருக்கிறார்கள். 2020 ஊரடங்கில், மஞ்சக்குப்பத்தில் நான் சமையல் செய்த இரண்டு வீட்டிலும் "இப்ப வராதம்மா" என்றார்கள். பெயிண்டிங் வேலைக்குப் போகும் என் வீட்டுக்காரரும் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் முதல் முறை போனேன்.

அவர்கள் தரும் மளிகைப் பையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நியாயமாக. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தருகிறார்கள். அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், சோப்பு. எடை ஒரு நாளும் குறைந்ததில்லை. பருப்பில் பூச்சி பார்த்ததில்லை. சாதி, மதம் யாரும் கேட்டதில்லை. இதெல்லாம் பெரிய விஷயம்.

ஆனால் அந்தப் பையை வாங்க அரை நாள் போகிறது. பத்து மணிக்கு வரச் சொல்வார்கள். பொருள் கொடுத்த பெரியவர் பன்னிரண்டு மணிக்கு வருவார். அதுவரை டோக்கனைப் பிடித்துக்கொண்டு ஷாமியானாவுக்குக் கீழே உட்கார வேண்டும். பிறகு பேச்சு, பிறகு ஒவ்வொருவராக மேடைக்குப் போய் பையைப் பிடித்தபடி போட்டோ. அது எப்போதும் வேலை நாளில்தான். நான் சமைக்கும் வீட்டில் ஒரு வேளை போகாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதைவிட, அந்த வீட்டுப் பாட்டி சர்க்கரை நோயாளி, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். ஐந்து வருஷமாக "ஞாயிற்றுக்கிழமை வைங்க சார்" என்று கேட்டுவிட்டேன். தலையாட்டுவார்கள். அடுத்த முறையும் புதன்கிழமைதான்.

இன்னொன்றையும் வெளியூரில் இருந்து உதவுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியானதால் அழுத நாள் குறைவு. காகிதம் சரியில்லாமல் அழுத நாள்தான் அதிகம்.

அந்தக் காகிதத்துக்குத்தான் அங்கே ஒரு மேஜை இருக்கிறது. சனிக்கிழமை பத்து மணி முதல் ஒரு மணி வரை. மாடிப்படிக்குப் பக்கத்தில், மின்விசிறி கூட இல்லாத இடத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். மனு எழுதித் தருவார், படிவம் நிரப்புவார், எந்த ஆபீசில் எந்த ஜன்னலில் யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். எனக்கு மூன்று வருஷம் இந்த மேஜை இருப்பதே தெரியாது. பை கொடுக்கும் நாளில் மைக்கில் எல்லாம் சொல்வார்கள், இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

2023 செப்டம்பர் 15 மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்த அன்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஆயிரம் ரூபாய் ஏறியது, எனக்கு ஏறவில்லை. நிராகரிப்பு என்று மெசேஜ் மட்டும் வந்தது. ஏன் என்று புரியவில்லை. நிலம் இல்லை, கார் இல்லை, வருஷ வருமானம் அவர்கள் வைத்த இரண்டரை லட்சம் வரம்பில் பாதி கூட இல்லை. யாரோ சொல்லித்தான் அந்த மேஜைக்குப் போனேன். அக்கா என்னைத் திட்டவில்லை, பரிதாபமும் படவில்லை. "கரண்ட் பில் அட்டை வெச்சிருக்கியா?" என்று கேட்டார். பார்த்துவிட்டு, "ஒரு மீட்டர்ல எத்தனை வீடும்மா?" என்றார். மூன்று வீடு. வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் ஓடினால் தகுதி இல்லை என்பது விதி. வீட்டுக்காரம்மா பேரில் ஒரே சர்வீஸ், அதில் மூன்று குடித்தனம். மூன்று வீட்டு ஃபேனும் மிக்ஸியும் என் கணக்கில் விழுந்திருக்கிறது.

மெசேஜ் வந்த 30 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம், இ-சேவை மையத்தில் போடலாம், கோட்டாட்சியர் பார்ப்பார் என்று அவர்தான் சொன்னார். "மீட்டர் ஒண்ணு, அடுப்பு மூணுன்னு எழுதலாம்" என்று சொல்லி, அதையே முறையான தமிழில் ஒரு பக்கத்தில் எழுதினார். மூன்று வீட்டு ரேஷன் கார்டு ஜெராக்ஸையும் சேர்த்து வைக்கச் சொன்னார். பிறகு கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து மூன்று அடுப்பையும் பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பணம் வந்தது. அந்த ஒரு பக்கம் இன்று வரை மாதம் ஆயிரம் ரூபாய் கொண்டுவருகிறது. இதற்கு ஷாமியானா போடவில்லை, யாரும் போட்டோ எடுக்கவில்லை.

எல்லாமே நடந்தது என்று சொல்ல மாட்டேன். சின்னவளுக்குத் தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடத்துக்கு அவர்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். குலுக்கலில் வரவில்லை. அவள் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது. ஆல்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது அதற்குப் பிறகு, சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பெருகியபோது. டிரங்குப் பெட்டியில் இருந்த அத்தனை காகிதமும் கூழாகிவிட்டது. டிரஸ்டிலிருந்து சோறு கொண்டுவந்தார்கள், சூடாக, இரண்டு வேளையும். அதை மறக்க மாட்டேன். ஆனால் தண்ணீர் வடிந்து நான் அழுதுகொண்டு போனபோது, அந்த அக்கா பீரோவைத் திறந்து என் பேர் எழுதிய ஃபைலை எடுத்தார். கார்டு, ஆதார், பாஸ்புக், சின்னவள் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் இருந்தது. நம்பர் இருந்ததால் ஒவ்வொன்றையும் மறுபடி எடுக்க முடிந்தது.

அந்த மேஜையைத்தான் இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமையாகக் குறைத்துவிட்டார்கள். போன மாதம் காலையிலேயே ஓசி பஸ் பிடித்துப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை பொறுப்பாளரிடமே கேட்டேன். "அரிசிக்குக் கொடுக்க ஆள் இருக்காங்கம்மா. சம்பளத்துக்குக் கொடுக்க யாரும் இல்ல" என்றார். அவர் மனசறிந்து பொய் சொல்கிறவர் இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையிலிருந்த பை டோக்கனை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, "எனக்கு இது வேணாம் சார், வேற யாருக்காவது கொடுங்க. அந்த அக்காவை வாராவாரம் உட்கார வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பைக்கு நான் போகவில்லை. இனியும் போகமாட்டேன்.

பணம் கொடுக்க நினைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மாதிரி ஒரு மேஜைக்கு ஒரு ஆளின் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுங்கள். வாங்கிய எனக்குத் தெரியும்.

பண்ருட்டிப் பெண்ணிடம் நேற்று போய்ப் பேசினேன். கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் அவள் பேர் இன்னும் அப்பா வீட்டு ரேஷன் கார்டில்தான் இருக்கிறதாம். அங்கே நீக்கி இங்கே சேர்க்க வேண்டும், குழந்தையின் பேரையும் ஏற்ற வேண்டும். வர்ற சனிக்கிழமை மேஜை உண்டு. ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தால்தான் ஒரு மணிக்குள் நம்பர் வரும். குழந்தைக்குப் பாலும், எல்லாக் காகிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.