கழிவுநீர்த் தோட்டம் அமைத்துத் தரும் சேவை: வேலை எப்படி?

செப்டிக் டேங்கிலிருந்து வரும் வீட்டுச் சாக்கடை நீரை ஜல்லியும் செடி வேரும் சுத்தம் செய்யும் படுகைதான் கழிவுநீர்த் தோட்டம். தாமிரபரணி சேரும் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. சாக்கடையிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியை வளர்க்கும். பாசி மூடினால் பவளம் சாகும். மெக்சிகோவின் அகுமாலில் 1990களில் சூழலியலாளர் மார்க் நெல்சன் குழு இத்தகைய தோட்டங்களை அமைத்தது இதற்காகத்தான்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இந்தச் சேவையினர் போட்ட தோட்டம் 15 சதுர மீட்டர், 60 செ.மீ. ஆழம். அளவு சரி. நாளுக்கு 500 லிட்டர் வந்தால் தண்ணீர் ஆறு நாளாவது வேர்ப்பகுதியில் தங்கும். இரண்டு அறை செப்டிக் டேங்க், அடியில் கனமான ஷீட், ஓட்டையே இல்லை. அருமையான வேலை.

ஜல்லியில்தான் கோட்டை விட்டார்கள். கழுவாத முக்கால் அங்குல ஜல்லி. கிரஷர் தூசி அடியில் படிந்து அடைக்கும். தண்ணீர் நுழையும் இடத்தில் அரை மீட்டருக்குக் முஷ்டி அளவுள்ள பெரிய கற்கள் போடவில்லை. சமையலறைக் கழிவுக் குழாயில் எண்ணெய்ப் பசையைப் பிடிக்கும் தொட்டியும் இல்லை. கழுவிய ஜல்லி, பெரிய கல், தொட்டி மூன்றையும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஜல்லி கிடைத்தால் இன்னும் நல்லது, பாஸ்பரஸை ஓரளவு பிடித்து வைக்கும்.

வெளிக்குழாயின் எல்போவை (வளைந்த இணைப்பை) திருப்பி, தண்ணீரை ஜல்லிக்கு 5 செ.மீ. கீழே நிறுத்துங்கள், மேலே தெரிந்தால் கொசுதான். கல்வாழை, சேம்பு நன்றாக வரும். முற்றிய தண்டை வெட்டி அப்புறப்படுத்தினால்தான் அது உறிஞ்சிய நைட்ரஜன் வெளியேறும். வடியும் நீர் தென்னைக்கும் வாழைக்கும் போகட்டும், கீரைக்கு வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் சுற்றிலும் 15 செ.மீ. வரப்பு கட்டச் சொல்லுங்கள்.